உங்களுக்குத் தெரியுமா? சைபீரியாவில் வண்டி எடுக்க நாள் பார்க்க வேண்டும்!

● யாகுட்ஸ்க் லட்சக்கணக்கானோர் வாழும் நகரம். ஆனால் அதை ஒட்டி ஓடும் லேனா நதிக்கு அங்கே பாலம் கிடையாது. கட்டுமான வேலையே இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. கோடையில் படகில் காரை ஏற்றி அக்கரை சேரலாம். குளிர்காலத்தில் உறைந்த நதிமேலேயே ஓட்டிப் போகலாம். திண்டாட்டம் இரண்டுக்கும் நடுவில்தான். மே மாதத்திலும் அக்டோபர், நவம்பரிலும் படகு ஓட முடியாதபடி பனிப்பாளங்கள் மிதக்கும். ஆனால் வண்டியைத் தாங்கும் அளவுக்கு நதி உறைந்திருக்காது. ஹோவர்கிராஃப்ட் பிடித்து ஆள் அக்கரைக்குப் போய்விடலாம். கார் இக்கரையிலேயே நிற்கும். அதனால் சைபீரியப் பயணத்துக்குத் திட்டமிடுகிறவர்கள் வரைபடத்தை விரிக்கும் முன் காலண்டரைப் பார்ப்பது நல்லது.

● லேனா வடக்கு நோக்கி ஓடுகிறது. வசந்தத்தில் தெற்கே பனி முதலில் உருகிவிடும். வடக்கே நதி இன்னும் இறுகிக் கிடக்கும். வருகிற வெள்ளம் போக வழியின்றி ஊருக்குள் புகும். 2001 மே மாதம் லென்ஸ்க் நகரம் இப்படித்தான் மூழ்கியது. பனி அடைப்பை உடைக்கப் போர் விமானங்கள் குண்டு வீச வேண்டியிருந்தது!

● உறைந்த நதியில் வேகமாக ஓட்டித் தப்பித்துவிடலாம் என்று நினைப்பது ஆபத்து. வண்டியின் எடையில் பனித்தளம் லேசாக அமுங்கும். அந்த அமுங்கல் அடியிலுள்ள நீரில் ஓர் அலையைக் கிளப்பும். வண்டியின் வேகமும் அலையின் வேகமும் ஒன்றாகிவிட்டால் அலை பெரிதாகிப் பனியையே உடைத்துவிடும். கரையோரம் ஆழம் குறைவு. அங்கே அலை மெதுவாகத்தான் நகரும். ஆகவே நிதானமாக ஓட்டும் வண்டிக்கும் கரையோரத்தில் ஆபத்து உண்டு. பனிச்சாலைகளில் வேகவரம்புப் பலகை வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இன்னொன்று: மற்ற எல்லாச் சாலையிலும் சீட் பெல்ட் போடு என்பார்கள், இங்கே கழற்று என்பார்கள். வண்டி மூழ்கினால் உடனே வெளியே குதிக்க வேண்டுமே!

● யாகுட்ஸ்கின் எதிர்க்கரையிலிருந்து மகதான் துறைமுகம் வரை செல்லும் கோலிமா நெடுஞ்சாலை சுமார் 2,000 கி.மீ. நீளம். 1930களில் ஸ்டாலின் ஆட்சியின் கைதிகள் போட ஆரம்பித்த சாலை அது. வேலையின்போது மாண்டவர்களை நினைத்து ‘எலும்புச் சாலை’ என்கிறார்கள். அதில் வண்டி ஓட்டுவதைச் சாகச விளையாட்டாக மட்டும் பேசுவது எனக்குச் சற்று நெருடல்தான்.

● அந்தச் சாலைக்கு ஒரு பழைய கிளை உண்டு. தோம்தோர் வழியாகக் கடிக்சான் போகும் பாதை அது. பாலங்கள் இடிந்து, கவனிப்பாரற்றுக் கிடக்கிறது. ஆனால் வரைபடத்தில் குறுக்குவழியாகத் தெரியும். 2020-ல் குளிர்காலத்தில் வழிகாட்டிச் செயலியை நம்பி அதில் திரும்பிய இரண்டு இளைஞர்களின் கார் பழுதாகி நின்றது. ஒருவர் குளிரில் இறந்துபோனார். செயலிக்குத் தூரம் தெரியும்; பாலம் இடிந்தது தெரியாது. லாரி ஓட்டுநர்களிடம் விசாரிக்காமல் புறப்படக் கூடாது.

● இங்கே மண்ணுக்கடியில் நிரந்தரமாக உறைந்த தரை. மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்க இடமில்லை. எல்லாம் ஆற்றுக்கே ஓடும். காலையில் முழங்காலளவு இருந்த ஓடை மாலையில் காரையே இழுத்துச் சென்றுவிடும். மழை ஓய்ந்தால் வேகமாக வடியவும் செய்யும். அதனால் பயணத் திட்டத்தில் சும்மா உட்கார்ந்திருக்கவும் சில நாள் ஒதுக்க வேண்டும். ஆழமான இடங்களில் ‘உரால்’, ‘கமாஸ்’ போன்ற ஆறு சக்கர லாரிகள்தான் கைகொடுக்கும். 2004-ல் இந்தப் பக்கம் மோட்டார் சைக்கிளில் வந்த நடிகர் யூவன் மெக்ரெகரும் சார்லி பூர்மனும்கூடத் தங்கள் வண்டிகளை லாரியில் ஏற்றித்தான் சில ஆறுகளைத் தாண்டினார்கள்.

● சாதாரண டீசல் கடுங்குளிரில் மெழுகாகத் திரண்டு வடிகட்டியை அடைத்துவிடும். குளிர்கால டீசல் என்று தனியாக விற்பார்கள். கேட்டு வாங்க வேண்டும். நவீன டீசல் வண்டிகளின் புகையைச் சுத்தப்படுத்தும் யூரியா திரவமோ மைனஸ் 11 டிகிரியிலேயே உறைந்துவிடும். தோம்தோருக்கு அருகிலுள்ள ஒய்மியாக்கோனில் 1933-ல் பதிவான குளிர் மைனஸ் 67.7 டிகிரி!

● சைபீரியாவின் இன்னொரு பகுதியில், குவாந்தா அருகே விதிம் நதிமீது ஒரு பழைய பாலம். நீளம் சுமார் 570 மீட்டர், அகலம் ஏறத்தாழ 2 மீட்டர். கைப்பிடிச் சுவர் கிடையாது. காரின் கதவைத் திறந்தால் கீழே நதி.

● ரஷ்யாவில் வாகனங்கள் சாலையின் வலப்புறம் போகும். தூரக் கிழக்கிலோ ஜப்பானிலிருந்து வந்த, வலப்பக்க ஸ்டீயரிங் கார்களே நிறைய. லாரியை முந்த நினைத்தால் எதிரே என்ன வருகிறது என்று ஓட்டுநருக்குத் தெரியாது. பக்கத்து இருக்கைக்காரர்தான் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆனாலும் பழுது பார்க்கும் கடைகளில் ஜப்பானிய உதிரிபாகம் கிடைப்பது ஒரு வசதி.

● 2022 மார்ச் முதல் வெளிநாட்டில் வழங்கிய விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் ரஷ்யாவில் செல்லாது. ரொக்கம்தான்.

● மகதானோடு நெடுஞ்சாலை முடிந்துவிடும். பிறகு காரைச் சரக்குக் கப்பலில் விளாதிவோஸ்தோக்குக்கு அனுப்பலாம். இல்லையென்றால் வந்த 2,000 கிலோமீட்டரையும் திரும்ப ஓட்ட வேண்டும். கப்பல் செலவை முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.