கடற்கரைக்கு யார் காசு கொடுப்பது?

"பார்க்கிங்குக்கு ரெண்டு வெள்ளி வாங்கிக் கடற்கரையைச் சுத்தமா வெச்சிருக்கக் கூடாதா?" பந்தாய் புத்ரி பக்கம் போய் வருகிற எங்கள் புக்கிட் ரம்பாய் நண்பர்கள் பலரும் கேட்கிற கேள்வி இது. நியாயமான கேள்விதான். ஆனால், அந்த ரெண்டு வெள்ளி எங்கே போகும்?

முதலில், இப்போது யார் செலவு செய்கிறார்கள் என்று பார்ப்போம். மலாக்காவில் 2011 செப்டம்பர் முதல் திடக்கழிவு, பொதுத் துப்புரவுச் சட்டம் அமலில் இருக்கிறது. குப்பை அள்ளுவது, மத்திய அரசாங்கக் கழகத்தின் மேற்பார்வையில் இயங்கும் குத்தகை நிறுவனத்தின் வேலை. கடலரிப்பைத் தடுப்பது வடிகால், நீர்ப்பாசன இலாகாவின் பொறுப்பு. கழிப்பறை, விளக்கு, கார் நிறுத்துமிடம் போன்றவை பெரும்பாலும் ஊராட்சி மன்றத்தின் தலையில் விழும். ஒரே மணல், மூன்று முதலாளிகள்! குறை சொல்லப் போனால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவது இதனால்தான்.

ஊராட்சி மன்றத்தின் பெரிய வருமானம், பிப்ரவரிக்குள் ஒன்று, ஆகஸ்டுக்குள் ஒன்று என்று நாம் கட்டுகிற மதிப்பீட்டு வரி. உங்கள் வீட்டின் ஆண்டு வாடகை மதிப்பு 3,000 ரிங்கிட், வரி 8 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 240 ரிங்கிட். சாலை விளக்கு, சந்தை, பூங்கா எல்லாவற்றுக்கும் இதிலிருந்துதான் எடுக்க வேண்டும். அதில் கடற்கரையின் பங்கு எவ்வளவு என்று வரி பில்லில் இருக்காது.

சரி, பார்க்கிங் கட்டணத்துக்கு வருவோம். ஞாயிற்றுக்கிழமை 300 கார்கள் வருகின்றன, தலைக்கு 2 ரிங்கிட் என்று ஒரு கற்பனைக் கணக்கு. 52 ஞாயிறுகளுக்கு 31,200 ரிங்கிட். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். ஒரு துப்புரவுத் தொழிலாளிக்கு இபிஎஃப், சொக்சோ சேர்க்காமலே வருடத்துக்கு 20,400. ஆக, ஒன்றரை ஆள் சம்பளம்! கட்டணம் வசூலிப்பவருக்கும் இதிலிருந்தே கொடுத்தால் மிச்சம் இன்னும் சுருங்கும். கழிப்பறையைக் கழுவ, குப்பைத் தொட்டி வைக்க இந்தப் பணம் உதவும். அரித்துப் போன மணலை மீண்டும் கொட்ட இது எந்தக் காலத்திலும் போதாது. அதற்கு அரசாங்க ஒதுக்கீடுதான் வழி.

இன்னொரு சங்கடமும் உண்டு. 1976 ஊராட்சிச் சட்டப்படி வரியும் கட்டணமும் மன்றத்தின் பொது வருமானம். கடற்கரையில் வாங்கியதைக் கடற்கரைக்கே செலவிட வேண்டும் என்று தனியாக முடிவெடுத்தால் ஒழிய, அது வேறு எங்கேயும் கரையலாம். மன்ற உறுப்பினர்களை நாம் தேர்ந்தெடுப்பதும் இல்லை. 1965-இல் ஊராட்சித் தேர்தல் நிறுத்தப்பட்டது முதல் எல்லாம் நியமனம்தான். அதனால்தான் கணக்கை வெளியே காட்டச் சொல்வது நமக்கு இன்னும் முக்கியமாகிறது.

"வெளியூர்க்காரர்களிடம் கூடுதலாக வாங்கலாமே, வரி கட்டுவது நாம்தானே" என்பார்கள். சனி, ஞாயிறுகளில் கிளேபாங் கோக்கனட் ஷேக்குக்கு நிற்கிற கேஎல் கார்களைப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றும். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஏவன் என்ற கடலோர ஊர் இதைச் செய்து பார்த்தது. 1972-இல் அம்மாநில உச்ச நீதிமன்றம், கடல் எல்லாருக்கும் பொது, வெளியூர்க்காரருக்குத் தனி விலை கூடாது என்று தீர்ப்பளித்தது. நம் நாட்டை அந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தாது. ஆனாலும் அந்த நியாயம் எனக்குப் பிடித்திருக்கிறது. போர்ட்டிக்சன் போனால் நாமும் வெளியூர்க்காரர்தானே!

எனக்குக் கவலை வேறு. அப்பாவின் அஸ்தியைக் கரைக்க விடியற்காலையில் வருகிற குடும்பத்திடம் டிக்கெட் கேட்பார்களா? தாத்தா, பாட்டி, பேரப்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வருகிற பழைய வேனுக்குக் கடற்கரைதான் செலவில்லாத ஒரே சுற்றுலா. என்னைக் கேட்டால், கட்டணம் சனி, ஞாயிறு, பொது விடுமுறைகளில் காலை பத்து மணிக்குப் பிறகு மட்டும் போதும். மோட்டார் சைக்கிளுக்கும் பள்ளிப் பேருந்துக்கும் வேண்டாம். டிக்கெட் வாங்குகிற இடத்திலேயே ஒரு பலகை வைத்து, போன மாதம் வசூல் இவ்வளவு, கழிப்பறைக்கு இவ்வளவு, கூலிக்கு இவ்வளவு என்று எழுதிவிட்டால் இரண்டு வெள்ளி கொடுக்க யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

அடுத்த வரி பில் வரும்போது உங்கள் பகுதி மன்ற உறுப்பினரிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: "போன வருடம் நம் கடற்கரைக்கு எவ்வளவு செலவானது?"