பருத்த சிறாரும் குருதிக் கொழுப்பும்

கொழுகொழுவென்றிருக்கும் குழந்தையைக் கண்டு உவகை கொள்வது உலகியல்பு. "நன்றாய் உண்டு வளரும் பிள்ளை" என்று பாட்டிமார் மகிழ்வர். மெலிந்த பிள்ளைக்காகவே வருந்துவர். பசியால் குழந்தைகள் மடிந்த காலத்தில் இவ்வெண்ணம் பொருத்தமாயிருந்தது. ஆயினும், பருத்த சிறாரைப் புறத்தே மட்டும் நோக்காது, அவர்தம் குருதியையும் சோதித்து நோக்குவோமாயின் வேறொரு செய்தி புலனாகும். அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

குருதியிற் கொழுப்பு இருத்தல் குற்றமன்று. கொலஸ்டிரால் உயிரணுக்களின் சுவருக்கு வேண்டுவது. டிரைகிளிசரைடு உடலுக்கு எரிபொருள். நீரோடு கலவாத இவை, புரதம் போர்த்த நுண்துளிகளாகிய தோணிகளில் ஏறியே குருதியிற் செல்கின்றன. இத்தோணிகளுள் அடர்த்தி குறைந்தவை கொலஸ்டிராலை உறுப்புகளுக்குக் கொண்டு செல்வன. அளவு மிகின் அதனைத் தமனிச் சுவரிற் படிய விடுவன. அடர்த்தி மிக்கவையோ எஞ்சிய கொலஸ்டிராலைக் கல்லீரலுக்கு மீட்டுக் கொணர்வன.

பருத்த உடலில் நிகழ்வது யாது? வயிற்றைச் சூழ்ந்து சேர்ந்த கொழுப்பினின்றும் கொழுப்பமிலங்கள் கல்லீரலைச் சென்றடைகின்றன. இன்சுலினின் ஆணைக்கு உடல் செவ்வனே பணிவதில்லை. கல்லீரல் தன்பால் மிகுந்த கொழுப்பை டிரைகிளிசரைடாகக் குருதியில் விடுகின்றது. அது மிகவே, மீட்டுக் கொணரும் தோணிகள் குறைகின்றன. படியவிடும் தோணிகளோ உருவிற் சிறுத்துத் தமனிச் சுவருள் எளிதிற் புகுகின்றன. ஆகவே மொத்தக் கொலஸ்டிரால் அளவை மட்டும் கண்டு அமைதி கொள்ளலாகாது.

இஃது ஊகமன்று. அமெரிக்காவின் லூயிசியானா மாநிலத்துப் போகலூசா என்னும் ஊரில், மருத்துவர் ஜெரால்டு பெரென்சன் 1970-களின் தொடக்கத்தில் சிறார்களை ஆராயத் தொடங்கினார். அவ்வாராய்ச்சியினின்று 1999-இல் வெளியான கட்டுரையொன்று, 5 முதல் 17 வயது வரையுள்ள 9,167 சிறாரைப் பற்றியது. அவருள் மிகப் பருத்த 813 பேரில் 475 பேருக்குக் குருதிக் கொழுப்பு, இன்சுலின், குருதி அழுத்தம் ஆகியவற்றுள் ஒன்றேனும் பிழைபட்டிருந்தது.

இதனினும் நெஞ்சை வருத்துவது 1998-இல் வெளியான கட்டுரை. பெரும்பாலும் விபத்துகளில் மாண்ட இளையோரின் தமனிகளை அறுத்து நோக்கியபோது, உடற்பருமன், குருதிக் கொழுப்பு முதலியவற்றில் குறையேதும் இல்லாதிருந்தோரின் இருதயத் தமனிகளில் உட்பரப்பின் 1.3 விழுக்காடே கொழுப்புக் கீற்றுகளால் மூடப்பட்டிருந்தது. மூன்று நான்கு குறைகள் உற்றிருந்தோரிடமோ அது 11 விழுக்காடு! முதுமையில் வரும் மாரடைப்பின் வித்து பள்ளிப் பருவத்திலேயே ஊன்றப்படுகின்றது என்பது இதனாற் பெறப்படும்.

இக்கேடு நோவு தருவதன்று. பிள்ளை ஓடும், உண்ணும், உறங்கும். குருதிச் சோதனையன்றி வேறெதுவும் இதனை அறிவியாது. 100 மில்லிலிட்டர் குருதியில் கொலஸ்டிரால் 200 மில்லிகிராமையும், 10 வயது கடந்த சிறார்க்கு டிரைகிளிசரைடு 130 மில்லிகிராமையும் எட்டின் அது மிகையென்று அமெரிக்க வல்லுநர் குழு 2011-இல் வகுத்தது.

ஆயின் மனந்தளர வேண்டுவதில்லை. அதே 2011-இல், நான்கு ஆராய்ச்சிகளின் 6,328 பேரைப் பற்றிய முடிவு வெளிவந்தது. இளமையிற் பருத்திருந்தும் வளர்ந்தபின் அப்பருமன் நீங்கியோர்க்கு, என்றும் பருத்திராதவரை ஒத்த அளவே தீங்கு நேரக்கூடும் என்பது அதன் சாரம். நற்செய்தி அன்றோ!

ஆதலின், நாளை ஆசிரியராகவும் பெற்றோராகவும் விளங்கவிருக்கும் நாம் செய்யத்தக்கது யாது? பருத்த பிள்ளையை எள்ளி நகையாடுதல் அன்று. அது பிள்ளையை விளையாட்டுத் திடலினின்றும் துரத்தவே செய்யும். இனிப்புப் பானங்களைக் குறைத்து, நாள்தோறும் ஓடியாடச் செய்து, மருத்துவரிடம் காட்டுதலே முறை. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்னும் முதுமொழி, தமனிக்கும் பொருந்துவதேயாம்.