பனிக்கடலுக்குப் போகும் கப்பல்

அண்டார்க்டிகாவுக்குச் சுற்றுலாக் கப்பல் போகிறது என்றதும் நம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "அந்தக் குளிரை எப்படித் தாங்குவது?" என்பதுதான். அந்தப் பயணத்தில் எளிதாகச் சமாளிக்கக்கூடிய சங்கதி உண்மையில் அதுதான். கப்பல்கள் போவது நவம்பர் முதல் மார்ச் வரை, அதாவது தென்கோளத்தின் கோடையில். போகும் இடமும் துருவம் அல்ல. தென் அமெரிக்காவை நோக்கி நீண்டு கிடக்கும் அண்டார்க்டிக் தீபகற்பம். டிசம்பர், ஜனவரியில் அங்கே வெப்பநிலை பெரும்பாலும் பூஜ்யம் டிகிரிக்குச் சற்று மேலும் கீழுமாகத்தான் இருக்கும். ஜனவரி மாத மணாலியில் இதைவிட அதிகமாக நடுங்குவதுண்டு. கப்பலுக்குள்ளேயோ அரைக்கைச் சட்டையோடு உலாவலாம். பயணியைச் சோதிப்பவை வேறு: அலை, காத்திருப்பு, நாளுக்கு நாள் மாறும் திட்டம்.

பெரும்பாலான பயணங்கள் அர்ஜென்டினாவின் தென்கோடியிலுள்ள உஷுவாயா நகரிலிருந்து தொடங்குகின்றன. மாலையில் புறப்படும் கப்பல் பீகிள் கால்வாயில் ஆடாமல் அசையாமல் போகும். அதை நம்பி இரவு விருந்தில் ஒரு பிடி பிடிப்பவர்கள் விடியற்காலையில் வருந்துவார்கள். அதற்குள் கப்பல் டிரேக் நீரிணைக்குள் வந்திருக்கும். மிகக் குறுகலான இடத்திலேயே சுமார் 800 கிலோமீட்டர் அகலம். கடக்க ஏறக்குறைய இரண்டு நாள் ஆகும்.

இந்தக் கடல் ஏன் இப்படிக் கொந்தளிக்கிறது? பூமிப்பந்தில் அந்த அட்சரேகையில் காற்றையும் நீரையும் தடுக்க நிலமே இல்லை. மேற்கிலிருந்து வீசும் காற்று உலகைச் சுற்றிச் சுற்றி வருகிறது. கூடவே அண்டார்க்டிகாவைச் சுற்றியோடும் பெரும் நீரோட்டமும். திருவிழாக் கூட்டம் மொத்தமும் ஒரே சந்துக்குள் நுழைவதுபோல இவ்வளவும் டிரேக் வழியாகத்தான் நெருக்கியடித்துப் போக வேண்டும். அந்த நீரோட்டத்தில் விநாடிக்குப் பத்துக் கோடி கன மீட்டருக்கும் மேல் தண்ணீர் பாய்கிறது. உலகத்து ஆறுகள் அத்தனையும் சேர்ந்து கடலில் கொட்டுவதைப்போல் இது ஏறத்தாழ நூறு மடங்கு. சில சமயம் டிரேக் குளம்போலவும் கிடக்கும். எது வாய்க்கும் என்பது அந்த வாரத்து வானிலையைப் பொறுத்தது.

கப்பல் ஆடும்போது, நாம் ஆடுகிறோம் என்று உட்காது சொல்கிறது; கேபின் சுவர் அசையவில்லையே என்று கண் சொல்கிறது. இந்த முரண்பாடுதான் குமட்டலாகிறது. மாத்திரையோ, காதுக்குப் பின்னால் ஒட்டும் மருந்துப் பட்டையோ, மருத்துவரிடம் கேட்டு அலை தொடங்கும் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். தொடங்கிய பின் விழுங்கும் மாத்திரை வயிற்றில் தங்காது. அறையைத் தேர்ந்தெடுப்பதிலும் சூட்சுமம் உண்டு. கப்பலின் நடுவே, கீழ்த்தளத்தில் இருக்கும் அறைதான் குறைவாக ஆடும். பெரும்பாலும் விலையும் குறைவு. பால்கனி வைத்த மேல்தள அறைக்குக் கூடுதலாகக் கொடுப்பவர் கூடுதலாகவே ஆடுவார்.

ஆட்டத்தைக் குறைக்கக் கப்பலின் இரு பக்கமும் நீருக்கடியில் துடுப்புப் பலகைகள் நீட்டியிருக்கும். கப்பல் ஒரு பக்கம் சாயும்போது இவை கோணத்தை மாற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் உந்தும். ஆனால் கப்பல் ஓடிக்கொண்டிருந்தால்தான் இந்த வித்தை செல்லும். பனிக்கட்டிகள் மிதக்கும் கடலுக்குள் நுழையும்போது, அவை மோதி உடைந்துவிடாதபடி பலகைகளை உள்ளே இழுத்துவிடுவார்கள். அங்கே அவை தேவையும் படாது. மிதக்கும் பனி அலையை அடக்கிவிடும்.

இந்தக் கப்பல்களைப் பனியுடைப்புக் கப்பல்கள் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலானவை அப்படியல்ல. பனியைத் தாங்கும் திறனை வைத்துக் கப்பல்களைத் துருவ வகுப்பு 1 முதல் 7 வரை பிரிக்கிறார்கள். எண் சிறிதானால் வலிமை அதிகம். புதிய சுற்றுலாக் கப்பல்களில் பல 6-ஆம் வகுப்பு. கோடையில், ஓராண்டுக்குள் உறைந்த நடுத்தரத் தடிமனுள்ள கடற்பனிக்கு அது போதும். அதற்கு மேல் கண்டால் சுற்றிப்போவதுதான் கேப்டனின் வேலை. விதிவிலக்கு, 2021-இல் வெளிவந்த 'லெ கொமாந்தான் ஷார்கோ' என்ற பிரெஞ்சுக் கப்பல். 2-ஆம் வகுப்பைச் சேர்ந்த அது அதே ஆண்டு வடதுருவத்தையே தொட்டு வந்தது.

மலைபோல் மிதக்கும் பனிப்பாறையைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. ராடாரில் அது தொலைவிலேயே தெரிந்துவிடும். மாலுமிகள் அஞ்சுவது அதிலிருந்து உடைந்து, நீர்மட்டத்துக்குமேல் ஒரு மீட்டர்கூட எழாமல் மிதக்கும் துண்டுகளைத்தான். பனியாற்றில் பல்லாண்டுகள் அழுந்திய அந்தப் பனி, கடல் உறைந்து உண்டாகும் பனியைவிடக் கடினமானது. அலைகளுக்கிடையே ராடாரும் அதைத் தவறவிடும். அதனால் இருட்டிலும் மூடுபனியிலும் வேகத்தைக் குறைத்து, விளக்கைப் பாய்ச்சி, மனிதக் கண்களால் பார்த்துப் பார்த்துப் போகிறார்கள்.

இந்த அச்சம் வீண் அல்ல. அண்டார்க்டிகாவுக்குச் சுற்றுலாப் பயணிகளை முறையாக அழைத்துச்செல்லத் தொடங்கியவர் லார்ஸ்-எரிக் லிண்ட்பிளாட். 1966-இல் முதல் குழுவைக் கொண்டுபோனார். இதற்கென்றே அவர் கட்டிய கப்பல் 1969-இல் கடலில் இறங்கியது. பிற்காலத்தில் 'எக்ஸ்ப்ளோரர்' என்று பெயர்பெற்ற அதே கப்பல் 2007 நவம்பர் 23 அன்று கிங் ஜார்ஜ் தீவுக்கருகே பனியில் மோதி, அடியில் கிழிபட்டு மூழ்கியது. அதிலிருந்த 154 பேரும் திறந்த உயிர்காப்புப் படகுகளில் மணிக்கணக்கில் குளிரில் கிடந்தார்கள். 'நோர்நோர்கே' என்ற நார்வேக் கப்பல் வந்து அத்தனை பேரையும் காப்பாற்றியது. கடல் அன்று அமைதியாக இருந்தது அவர்கள் அதிர்ஷ்டம்.

2017-இல் நடைமுறைக்கு வந்த துருவக் கடல் விதித்தொகுப்பு அதிர்ஷ்டத்தை நம்பவில்லை. கப்பலைக் கைவிட நேர்ந்தால் உதவி வரும்வரை, குறைந்தது 5 நாள், அத்தனை பேரும் உயிரோடிருக்க வேண்டிய ஏற்பாடு கப்பலில் இருந்தாக வேண்டும் என்கிறது அது. தெறிக்கும் நீர் மேல்தளத்தில் உறைந்து, கப்பல் தலைகனத்துச் சாயக்கூடிய ஆபத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. அதற்கு முன்பே, 2011-இல், அண்டார்க்டிக் கடலில் கனரக எண்ணெய் எரிபொருளுக்குத் தடை வந்துவிட்டது.

கரையிறங்கும் நாளின் கூத்து, முந்தின நாளே கப்பலுக்குள் தொடங்கிவிடும். மேலங்கி, பை, கேமராத் தாங்கி எல்லாவற்றையும் தூசி உறிஞ்சியால் சுத்தம் செய்யச் சொல்வார்கள். ஒட்டுப்பட்டையில் சிக்கிய ஒரு புல்விதைகூடப் போகக்கூடாது. இது அதிகப்படியல்ல, வெளியிலிருந்து வந்த ஒரு புல்வகை கிங் ஜார்ஜ் தீவில் ஏற்கெனவே வேரூன்றிவிட்டது. ரப்பர் பூட்சைக் கப்பலிலேயே இரவல் தருவார்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் கிருமிநாசினியில் முக்கி எடுக்க வேண்டும். பிறகு 'ஸோடியாக்' எனும் காற்றடைத்த ரப்பர் படகு. அதில் ஏறும்போது உள்ளங்கையை நீட்டாதீர்கள். படகோட்டியின் முன்கையை நீங்களும் உங்கள் முன்கையை அவரும் பற்றிக்கொள்ள வேண்டும். கையுறை நழுவினாலும் பிடி நழுவாது.

ஓரிடத்தில் ஒரே நேரத்தில் 100 பயணிகளுக்குமேல் கரையில் இருக்கக்கூடாது. ஒரு நேரத்தில் ஒரு கப்பலுக்குத்தான் அந்த இடம். 1991-இல் சுற்றுலா நிறுவனங்கள் தங்களுக்குள் அமைத்துக்கொண்ட சங்கமும் அண்டார்க்டிக் உடன்படிக்கை நாடுகளும் இந்த ஒழுங்கைக் காக்கின்றன. 200 பேர் வந்த கப்பலில் பாதிப்பேர் கரையில் நிற்க, மீதிப்பேர் படகில் சுற்றிவிட்டு முறை மாறுவார்கள். கரையில் கழிப்பறை கிடையாது, சாப்பாடு கொண்டுபோகக்கூடாது. பெங்குவினிடமிருந்து 5 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். அதுவாக நெருங்கி வந்தால் நாம்தான் ஒதுங்க வேண்டும். பறவைக்காய்ச்சல் அந்தப் பக்கம் எட்டிப்பார்த்த பிறகு தரையில் உட்காரவும் மண்டியிடவும் விடுவதில்லை. கிரில் எனும் இறால் போன்ற சிற்றுயிரைத் தின்று பெங்குவின்கள் இடும் இளஞ்சிவப்பு எச்சத்தின் நாற்றம் படகிலிருக்கும்போதே மூக்கைத் துளைக்கும். எந்த விளம்பரப் புகைப்படத்திலும் அது வராது.

உடைக்கு ஒரே விதி: அடுக்கடுக்காக அணியுங்கள், பருத்தியைத் தவிருங்கள். நனைந்த பருத்தி உடல் சூட்டை உறிஞ்சிவிடும். உள்ளே கம்பளி, நடுவே தடித்த ஸ்வெட்டர், வெளியே நீர்புகாத மேலங்கி. கையுறை இரண்டு ஜோடி. மறக்கக்கூடாதது கருப்புக் கண்ணாடியும் முகத்துக்கு வெயில்காப்புக் களிம்பும். பனியில் எதிரொளிக்கும் வெயில் மோவாயின் அடிப்பக்கத்தைக்கூடச் சுட்டுவிடும். கேமரா பேட்டரி குளிரில் சீக்கிரம் இறங்கும், உபரி ஒன்றை உடலோடு ஒட்டிய சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

என்னென்ன பார்க்கலாம் என்று முன்கூட்டி யாரும் சத்தியம் செய்ய முடியாது. எரிமலை வாய்க்குள் கப்பலே நுழைந்து நிற்கும் டிசெப்ஷன் தீவு, 1944-இல் பிரிட்டன் அமைத்து இன்று அஞ்சலகமும் அருங்காட்சியகமுமாக இருக்கும் போர்ட் லாக்ராய், மலைகளுக்கிடையே 11 கிலோமீட்டர் நீளும் லெமேர் கால்வாய் எல்லாம் பட்டியலில் இருக்கும். பனி அடைத்துவிட்டால் கப்பல் திரும்பிவிடும். மறுநாள் திட்டத்தை முந்தின மாலையில் சொல்வார்கள், காலையில் மாற்றுவார்கள். இதற்குச் சண்டை போடுகிற சுபாவம் உள்ளவர்கள் இந்தச் சுற்றுலாவுக்கு ஏற்றவர்கள் அல்ல. இந்தியாவின் மைத்ரி, பாரதி ஆய்வு நிலையங்களைப் பார்க்கும் ஆசையும் வேண்டாம். அவை தீபகற்பத்திலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி கிழக்கு அண்டார்க்டிகாவில் இருக்கின்றன.

முன்பணம் கட்டும் முன் இரண்டு விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அவசர மருத்துவ மீட்புக்கும் சேர்த்துக் காப்பீடு இருக்கிறதா? கப்பலில் மருத்துவர் உண்டு, பெரிய மருத்துவமனை டிரேக்குக்கு அப்பால். அடுத்து, கப்பலில் மொத்தம் எத்தனை பயணிகள்? 500 பேருக்குமேல் ஏற்றிவரும் கப்பலிலிருந்து அண்டார்க்டிகாவில் ஒருவரும் கரையிறங்க முடியாது. டெக்கில் நின்று பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.