உழைப்போருக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு

நீலகிரியில் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் பலர் இரு நிலையில் வாழ்கின்றனர். சிறு தோட்டத்துப் பச்சைத் தேயிலையைச் சங்கத்தின் தொழிற்சாலைக்கு அளிக்கும்பொழுது அவர்கள் அத்தொழிற்சாலையின் உடைமையாளர். அவர்தம் வீட்டார் பெருந்தோட்டத்தில் கொழுந்து பறிக்கவோ கவாத்து வெட்டவோ செல்லும்பொழுது அவர்கள் தொழிலாளர். 1962ஆம் ஆண்டில் குந்தாவில் முதல் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை தோன்றிய நாள்முதல் இந்நிலை தொடர்கிறது. ஆகவே, வேலை செய்வோருக்குச் சட்டம் அளிக்கும் பாதுகாப்பை இரு பக்கமும் நின்று அறிந்துகொள்ளுதல் நமக்கு அவசியமாகும்.

சங்கமொன்றின் கணக்குகளைத் தணிக்கை செய்யச் சென்றிருந்தபொழுது நாம் கண்ட நிகழ்ச்சி ஒன்றைக் கூறுவோம். சங்கத்தின் பெயர் இங்குத் தேவையில்லை. அதன் தொழிற்சாலையில் தூள் சலித்துத் தரம் பிரிக்கும் பகுதியில் ஆறு ஆண்டுகள் வேலை செய்த அம்மையார் ஒருவர் வாயிலில் காத்திருந்தார். மேற்பார்வையாளரோடு வாய்த்தகராறு ஏற்பட்டதாம்; "நாளைமுதல் வரவேண்டாம்" என்று சொல்லிவிட்டனராம். கோப்பைக் கேட்டோம், இல்லை. "அவர் தற்காலிகந்தானே! மேலும் இது நம் சங்கம், கம்பெனி அல்லவே!" என்றனர் நிர்வாகக் குழுவினர். அம்மையாரிடம் ஒரு பள்ளிக்கூட நோட்டு இருந்தது. வேலைக்குச் சென்ற ஒவ்வொரு நாளையும் அவர் மகள் அதில் குறித்து வைத்திருந்தாள். சங்கத்தின் வருகைப் பதிவேட்டோடு ஒப்பிட்டோம், ஒத்திருந்தது. கடைசிப் பன்னிரண்டு மாதங்களில் 240 நாட்களுக்கு மேல் அவர் உழைத்திருந்தார்.

அந்த 240 என்னும் எண்ணுக்குப் பெரும் பொருளுண்டு. அதனை விளக்குமுன் சிறிது பழங்கதை கூறவேண்டும்.

முன்பணம் பெற்ற தொழிலாளி வேலையை விட்டு நீங்கினால் அவரைச் சிறைக்கு அனுப்ப வழிசெய்த சட்டம் ஒன்று 1859ஆம் ஆண்டில் இந்நாட்டில் இயற்றப்பட்டது. 1925ஆம் ஆண்டிலேதான் அதனை நீக்கச் சட்டம் வந்தது. பின்னர் 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டமும், 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமும் பிறந்தன. இவ்விரண்டின் இடத்தில், 2025ஆம் ஆண்டு நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. சட்டத்தின் பெயர் மாறியபோதிலும், நாம் கீழே கூறும் அடிப்படைகள் நிலைத்திருக்கின்றன.

முதலாவது, குற்றம் சாட்டித் தண்டிக்க விரும்பினால் முறைப்படி விசாரணை நடத்துதல் வேண்டும். குற்றம் இன்னது என எழுத்தில் தருதல், விளக்கம் கேட்டல், சாட்சிகளைக் குறுக்குக் கேள்வி கேட்க இடமளித்தல் ஆகியவை அதன் படிகள். தண்டனை குற்றத்துக்கு மிஞ்சியதாக இருந்தால் அதனைக் குறைக்கும் அதிகாரம் 1971ஆம் ஆண்டுத் திருத்தத்தால் தொழிலாளர் நீதிமன்றங்களுக்கு வழங்கப்பட்டது. இன்றைய சட்டத்திலும் அவ்வதிகாரம் உண்டு. விசாரணை முடியும்வரை தற்காலிக நீக்கத்தில் வைத்தால், முதல் 90 நாட்களுக்கு ஊதியத்தில் பாதியும், அதன்மேல் முக்கால் பங்கும் பிழைப்பூதியமாக அளிக்கவேண்டும்.

இரண்டாவது, குற்றம் ஏதுமின்றி ஆட்குறைப்புச் செய்வதாயின், ஓராண்டில் 240 நாட்கள் உழைத்தவருக்கு ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கீடான ஊதியமோ தருவதோடு, நிறைவுற்ற ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியமும் இழப்பீடாகத் தரவேண்டும். "தற்காலிகம்" என்ற சொல் இக்கடமையைப் போக்கிவிடாது. வேலையிலிருந்து நீங்குபவருக்குச் சேரவேண்டிய கூலியை இரண்டு வேலைநாட்களுக்குள் தீர்த்துவிடவேண்டும்.

மூன்றாவது, ஒரே வேலைக்கு ஆணுக்கொரு கூலி, பெண்ணுக்கொரு கூலி என்பது கூடாது. பிரசவ விடுப்பில் இருக்கும் பெண்ணை வேலையினின்று நீக்குவதும் கூடாது.

பிரசவ உதவியைப் பற்றிய வழக்கு ஒன்று தோட்டத் தொழிலாளர் அனைவரும் அறியத்தக்கது. மவுண்ட் ஸ்டூவர்ட் எஸ்டேட்டில் வேலை செய்த பெண்மணி ஒருவர் 1967ஆம் ஆண்டில் பிள்ளை பெற்றார். அந்நாளில் பிரசவ உதவி 12 வாரங்களுக்கு உண்டு. நிர்வாகம் வாரத்துக்கு ஆறு நாள் வீதம் 72 நாட்களுக்குக் கணக்கிட்டது; ஞாயிறுகளுக்குக் கூலியில்லை என்பது அதன் வாதம். வாரம் என்றால் ஏழு நாள், ஆகவே 84 நாட்களுக்குத் தரவேண்டும் என்றார் அவர். பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமைகளின் கூலிக்காக எழுந்த அவ்வழக்கு கோவைத் தொழிலாளர் நீதிமன்றத்தினின்று உச்ச நீதிமன்றம்வரை சென்றது. 1977ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் ஏழு நாள் கணக்கே சரியென்று தீர்ப்பளித்தது. இன்று முதல் இரு குழந்தைகளுக்கு விடுப்பு 26 வாரமாக இருப்பதால், அத்தீர்ப்பின் பயன் 26 நாள் கூலியாக வளர்ந்திருக்கிறது.

இதிலிருந்து நாம் அறிவது யாது? உரிமை சட்டப் புத்தகத்தில் இருந்தால் மட்டும் போதாது. நாட்கணக்கு நம் கையிலும் இருக்கவேண்டும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் ஒவ்வொருவருக்கும் நியமனக் கடிதம் தரவேண்டும் என்கிறது புதிய சட்டம். அதனைக் கேட்டுப் பெறுக. ஊதியச் சீட்டுகளைச் சேர்த்து வைக்க. வேலைக்குச் சென்ற நாட்களை வீட்டிலும் குறித்துவருக. வேலை போய்விட்டால் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் எழுத்தில் முறையிடுக. இரண்டு ஆண்டுகள் கடந்துவிட்டால் அவர் அதனை எடுத்துக்கொள்ள இயலாது. பெண்களுக்கும் ஆலைத் தொழிலாளருக்கும் இலவசச் சட்ட உதவி பெறும் உரிமையுண்டு. உதகையிலுள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்.

நெசவாளர் சங்கங்களுக்கும் ஒரு சொல். அங்கத்தினராகத் தறியில் நெய்து கூலி பெறுபவரின் நிலை வேறு. ஆனால் சங்கத்தின் சாயப்பட்டறையிலும் விற்பனை நிலையத்திலும் சம்பளத்துக்கு அமர்ந்தவர் தொழிலாளரே. சங்கம் என்ற காரணத்தால் சட்டம் நமக்கு விலக்கு அளிப்பதில்லை.

நாம் முன்னே சொன்ன அம்மையாரின் செய்திக்கு வருவோம். நிர்வாகக் குழு மறுவாரம் கூடி, இரு தரப்பையும் அழைத்து விசாரித்தது. வாய்த்தகராற்றில் இருவர்மீதும் பிழையுண்டு எனக் கண்டு, இருவரையும் எச்சரித்து, அவரை மீண்டும் வேலையில் அமர்த்தியது. வேலையில்லாதிருந்த நாட்களின் கூலியையும் கொடுத்தது. இவ்விசாரணையை முதல் நாளே செய்திருந்தால் சங்கத்துக்கு அக்கூலி மிச்சமாகியிருக்கும். அவர் வீட்டிலும் அடுப்பு அணையாதிருந்திருக்கும். ஒருவரையொருவர் தாங்கி வாழவென்று அமைத்த சங்கத்தில், ஒருவரின் பிழைப்பைப் பற்றிய முடிவு வாய்ச்சொல்லில் முடிந்துவிடலாகாது. உங்கள் சங்கத்தின் அடுத்த பொதுக்குழுவில், நியமனக் கடிதங்கள் அனைவருக்கும் அளிக்கப்பட்டனவா என்று ஒரு கேள்வி கேளுங்கள். தொடங்குவதற்கு அதுவே போதும்.