பந்தயம் முடிந்த பிறகு குதிரைக்கு என்ன வேலை?

மார்சிலிங்கில் எம்ஆர்டி ஏறினால் ஒரு பக்கம் அடுத்த நிலையம் கிராஞ்சி. அதை ஒட்டிய பந்தயத் திடலில் 2024 அக்டோபர் 5-ஆம் தேதி கடைசிப் பந்தயங்கள் நடந்தன. நூறாவது சிங்கப்பூர் தங்கக் கிண்ணமும் அன்றுதான். 1842-இல் தொடங்கிய குதிரைப் பந்தயச் சங்கத்தின் ஓட்டங்கள் அத்தோடு நின்றுபோயின. தேக்காவில் நாம் சாப்பிடப் போகும் ரேஸ் கோர்ஸ் ரோட்டுக்கு அந்தப் பெயர் வந்ததே, ஒரு காலத்தில் ஃபேரர் பார்க்கில் குதிரைகள் ஓடியதால்தான். 1933-இல் திடல் புக்கிட் தீமாவுக்கு மாறியது, 1999-இல் கிராஞ்சிக்கு.

மூடப்போவதாக 2023 ஜூனில் அறிவித்தபோது லாயங்களில் சுமார் 700 குதிரைகள் இருந்தன. அந்த நிலத்தில் என்ன கட்டுவார்கள் என்றே ஊரெல்லாம் பேச்சு. என் மனசு குதிரைகளிடமே நின்றது. பந்தயக் குதிரை இரண்டு மூன்று வயதில் ஓடத் தொடங்கும். ஏழெட்டு வயதுக்குள் பெரும்பாலும் ஓய்ந்துவிடும். ஆனால் நன்றாகப் பார்த்துக்கொண்டால் இருபத்தைந்து வயதையும் தாண்டும். ஆயுளின் பெரும்பகுதி பந்தயத்துக்குப் பிறகுதான் கிடக்கிறது. சில குதிரைகள் வேறு நாட்டுத் திடல்களுக்கு ஓடப் போகும். மற்றவற்றுக்கு நல்ல வழி, சவாரிக் குதிரையாக மாறுவது.

அந்த மாற்றம் சேணத்தில் தொடங்குவதில்லை, வயிற்றில் தொடங்குகிறது. குதிரையின் இரைப்பை தீனி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓயாமல் அமிலம் சுரக்கும். நாள் முழுக்கப் புல் மேய்வதற்கென்றே அமைந்த வயிறு அது. பந்தய லாயத்திலோ தானியம் அதிகம், வைக்கோல் குறைவு, அதோடு கடும் ஓட்டம். அதனால் பந்தயக் குதிரைகளில் மிகப் பலவற்றுக்கு இரைப்பைப் புண் இருக்கும். சேண வாரை இறுக்கும்போது கடிக்க வரும் குதிரையைத் திமிர் பிடித்தது என்று ஏசுவார்கள்; பாவம், அதற்கு வலிக்கிறது. ஆகவே முதல் சில வாரங்கள், தேவைப்பட்டால் சில மாதங்கள், வேலையே கொடுக்கக் கூடாது. தானியத்தைக் குறைத்துப் புல்லைக் கூட்ட வேண்டும். வேறு குதிரைகளோடு வெளியில் நிற்க விட வேண்டும். பந்தயத்துக்காக அடித்த இலேசான அலுமினிய லாடத்தைக் கழற்ற வேண்டும். முன்னங்கால் தசைநாரில் பழைய காயம் உண்டா என்று மருத்துவர் தடவிப் பார்க்க வேண்டும். தசைநார் ஆறினாலும் பழைய வலுவுக்குத் திரும்புவது அரிது.

பிறகுதான் பாடம். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும்: இந்தக் குதிரை பழக்கம் இல்லாத குதிரை இல்லை. மிக நன்றாகப் பழக்கப்பட்டது, வேறொரு வேலைக்கு.

கடிவாள வாரை எடுத்துக்கொள்ளுங்கள். சவாரிப் பள்ளியில் வாரை இழுத்துப் பிடித்தால் ‘மெதுவாகப் போ’ என்று பொருள். பந்தயத்தில் ஜாக்கி வாரைக் குறுக்கி இறுகப் பிடிக்கும்போது, குதிரை வாயிலுள்ள இரும்பில் சாய்ந்துகொண்டு வேகம் எடுக்கும். இப்போது புதிதாக ஒருவர் இதன் மேல் ஏறுகிறார். குதிரை கொஞ்சம் விரைகிறது. அவர் பயந்து வாரைப் பிடித்து இழுக்கிறார். குதிரை இன்னும் விரைகிறது. அவர் இன்னும் இழுக்கிறார். கீழே விழுந்து எழுந்தவர், ‘மிரண்டு ஓடிவிட்டது’ என்கிறார். குதிரை தனக்குக் கற்றுக்கொடுத்ததைத்தான் செய்தது. பயிற்சியாளர் இதை மாற்றப் பிடியைத் தளர்த்துகிறார். உட்காரும் விதத்தாலும் குரலாலும் நிறுத்தக் கற்றுத்தருகிறார். குதிரை வேகம் தணிந்த நொடியே கையை இளக்குகிறார். அந்த இளக்கம்தான் குதிரைக்குக் கிடைக்கும் பரிசு.

காலும் அப்படித்தான். ஜாக்கி அங்கவடியைக் குட்டையாக வைத்து முதுகுக்கு மேலே குந்தியிருப்பார். அவர் கால் விலாவில் அழுந்துவதே அபூர்வம். சவாரிக்காரரின் நீண்ட கால் முதன்முதலாக இருபுறமும் படும்போது குதிரைக்குத் தூக்கிவாரிப் போடும். ஏறும் இடத்தில் அசையாமல் நிற்பதும் புதுப்பாடம். பந்தய லாயத்தில் குதிரை நடந்துகொண்டிருக்கும்போதே ஜாக்கியின் காலைப் பிடித்துத் தூக்கி ஏற்றிவிடுவார்கள். இனி படிக்கட்டு மேடை ஓரமாக நிற்க வேண்டும், எவ்வளவு நேரம் ஆனாலும்.

கிராஞ்சித் திடல் இடப்பக்கம் வளையும். அதில் ஓடிய உடம்பு இடப்பக்கத் திருப்பத்துக்கே முறுக்கேறியிருக்கும். வலப்பக்கம் வட்டமடிக்க, முதலில் ஆள் ஏறாமல் நீண்ட கயிற்றில் நடத்திப் பழக்குகிறார்கள்.

ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகளில் இரண்டு சக்கர வண்டியை இழுத்து ஓடும் பந்தயக் குதிரைகளும் உண்டு. அவற்றின் சிக்கல், வாரை இழுத்தால் விரையும் குதிரையின் சிக்கலுக்கு நேர் எதிர். ஓட்டம் பாய்ச்சலாக மாறினால் பந்தயத்தில் பின்னுக்கு இழுத்தாக வேண்டும் என்பது விதி. அதனால் பாயக் கூடாது என்றே வளர்ந்தவை அவை. சவாரிக்கு வந்ததும் பாய்ச்சலின் மெதுவான வடிவமான கேன்டரைக் கற்பிப்பதுதான் பெரும்பாடு. சிலவற்றுக்கு ஒரே பக்கத்து இரண்டு கால்களையும் ஒட்டகம்போல் ஒன்றாக வீசும் நடை வேறு.

சிங்கப்பூருக்கு இந்த வேலை புதிதில்லை. 1951-இல் தொடங்கிய புக்கிட் தீமா சேடல் கிளப், பந்தயம் விட்ட குதிரைகளுக்கு மறுவாழ்வு தரவே உருவானது. இந்த ஊர் வெயிலில் அதிகாலையிலேயே பயிற்சியை முடித்து, குதிரையின் மேல் தண்ணீர் பீய்ச்ச வேண்டும். குளிர்நாட்டிலிருந்து வந்த சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுபோகும். அவற்றை ஓட்டினால் உடல் சூடு ஆபத்தான அளவுக்கு ஏறிவிடும்.

மாற்றுத்திறனாளிகளுக்கான சவாரிச் சங்கம் ஒன்றும் 1982 முதல் இங்கு இயங்குகிறது. அப்படிப்பட்ட இடத்தில் சக்கர நாற்காலியிலிருந்து ஒரு குழந்தையை ஏற்றி முடிக்கும்வரை குதிரை காது அசைக்கலாம், கால் அசைக்கக் கூடாது. பந்தயம் விட்ட குதிரைகள் எல்லாமே இதற்குத் தேறிவிடாது. தேறாததைத் தேர்ந்த சவாரிக்காரரிடம் கொடுப்பதே குதிரைக்கும் நல்லது, ஏறுபவருக்கும் நல்லது. பிள்ளை சவாரி கற்க ஆசைப்படுகிறதே என்று, நேற்று ஓட்டம் நிறுத்திய குதிரையைச் சகாய விலைக்கு வாங்கிவிட வேண்டாம். அதற்கு ஓரிரு ஆண்டுகள் கொடுங்கள், அனுபவம் உள்ளவர் கையில்.