தொழுவக் கணக்கு – 14: கழுவுவதா, சினை ஊசியா?

சென்ற வாரக் கட்டுரையைப் படித்துவிட்டு உடுமலைப் பக்கமிருந்து ஒரு வாசகர் போன் செய்தார். அவருடைய கலப்பினப் பசு நாலாவது கன்று போட்டு ஒரு மாதம் ஆகிறது. நல்ல கறவை. “ஏனுங்க டாக்டர், இப்பவே கழுவிக் கருவை எடுத்துட்டு, கையோட சினை ஊசியும் போட்டுக்கலாமுங்களா?” என்றார்.

பல சினைமுட்டைகள் வெளிவர ஹார்மோன் ஊசி போட்டு, கருவூட்டி, ஏழாம் நாள் கருப்பையைக் கழுவி, கருக்களை வேறு பசுக்களுக்கு மாற்றுவதைத்தான் அவர் கேட்கிறார். ஆசையில் தவறில்லை. ஆனால் முதலில் ஒரு கழித்தல் கணக்கு போட வேண்டும். பசுவின் சினைக்காலம் ஏறக்குறைய 283 நாள். வருடத்துக்கு ஒரு கன்று வேண்டுமானால் மிஞ்சுவது 82 நாள். கருப்பை ஆறுவது, பருவம் திரும்புவது, கழுவுவது, மறுபடி சினை நிற்பது எல்லாம் அதற்குள் முடிய வேண்டும்.

ஈன்ற அன்று பசுவின் கருப்பை சுமார் 9 கிலோ இருக்கும். ஒரு மாதத்தில் அது ஒரு கிலோ அளவுக்குச் சுருங்கிவிடும். கைவிட்டுப் பார்த்தால் ‘சரியாகிவிட்டது’ என்றே தோன்றும். ஆனால் உள்சவ்வு முழுதாக ஆற 45, 50 நாள் பிடிக்கும். நஞ்சுக்கொடி விழாமல் தங்கிய மாடு, சீழ் வடிந்த மாடு என்றால் இன்னும் தாமதம்.

அடுத்தது தீனிக் கணக்கு. ஈன்ற ஆறிலிருந்து எட்டாவது வாரத்தில் பால் உச்சத்துக்குப் போகும். மாடு தின்னும் அளவு உச்சத்துக்கு வருவதோ அதற்கும் சில வாரம் கழித்துத்தான். இடைப்பட்ட காலத்தில் அது தன் உடம்பைக் கரைத்தே பால் தருகிறது. இன்று வெளிவரும் முட்டை நேற்று வளரத் தொடங்கியதல்ல, இரண்டு மூன்று மாதமாக வளர்ந்தது. ஆகவே மாடு இளைத்திருந்த நாட்களின் பாதிப்பு பின்னால் வரும் முட்டையில் தெரியும் என்ற கருத்தை 1990-களில் ஜாக் பிரிட் என்ற அமெரிக்க ஆய்வாளர் முன்வைத்தார். ஆய்வாளர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். தொழுவத்தில் நான் பார்த்தவரை, விலா எலும்பு எண்ணும்படி இருக்கிற மாட்டில் கை வைக்காமலிருப்பதே லாபம்.

இதை நான் கற்றுக்கொண்டது பட்டுத்தான். வேலைக்கு வந்த புதிதில், உரிமையாளரின் அவசரத்துக்கு இணங்கி, ஈன்று 40 நாள்கூட ஆகாத பசுவுக்கு ஊசியை ஆரம்பித்தேன். கழுவிய திரவத்தை நுண்ணோக்கியில் வைத்துத் தேடியதில் கிடைத்தது கருவுறாத முட்டைகள் நாலும், பாதியில் நின்றுபோன ஒரு கருவும். ஊசிச் செலவு, உழைப்பு எல்லாம் போயிற்று. அந்தப் பசு அப்புறம் சினை நிற்க நாலு மாதம் இழுத்ததுதான் பெரிய நஷ்டம்.

சரி, நாட்காட்டிக்கு வருவோம். ஈன்ற 45-ம் நாள் மாடு ஒழுங்காகக் கத்தி, கண்ணாடிபோல வழும்பு விட்டு, பருவத்துக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பருவத்தில் சினை ஊசி வேண்டாம். அதிலிருந்து பத்தாம் நாள், அதாவது ஈன்ற 55-ம் நாள், ஹார்மோன் ஊசி தொடங்குகிறது. காலை மாலை இருவேளை, அளவைக் குறைத்துக்கொண்டே நாலு நாள். இந்த ஹார்மோன் இரத்தத்தில் சில மணி நேரமே தங்கும். அதனால் ஒருவேளை தவறினாலும் பலன் குறையும். மூன்றாம் நாள், பருவத்தை வரவழைக்கும் புரோஸ்டாகிளாண்டின் ஊசி. 59-ம் நாள் பருவம். 12 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை கருவூட்டல். 66-ம் நாள் கழுவல்.

ஏழாம் நாள் என்பதற்குக் காரணம் உண்டு. நாலைந்து நாள்வரை கரு சினைக்குழாயிலேயே இருக்கும், கருப்பையைக் கழுவினால் வராது. ஒன்பதாம் நாள் வாக்கில் மேலுறையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். நோய்க்கிருமி ஒட்டாமல் கழுவிச் சுத்தம் செய்ய அந்த உறை முழுதாக இருக்க வேண்டும். மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குகூடத் தேறாத உருண்டைக்கு அதுதான் சட்டை.

கழுவியதும் வேலை முடியவில்லை. எத்தனை கவனமாகக் கழுவினாலும் ஓரிரு கரு உள்ளேயே தங்கலாம். விட்டுவிட்டால் இரட்டை, மூன்று என்று சினை நிற்கும். ஆணும் பெண்ணுமாக இரட்டைக் கன்று பிறந்தால், அந்தக் கிடேரி பெரும்பாலும் மலடு. அதனால் கழுவிய அன்றே மறுபடி புரோஸ்டாகிளாண்டின் போட்டுவிடுகிறோம். ஒரு வாரம், பத்து நாளில், அதாவது 75-ம் நாள் வாக்கில், பருவம் வரும். அப்போது சினை நின்றால் 358-ம் நாள் கன்று! காகிதத்தில் கணக்கு அழகாகவே வருகிறது.

ஆனால் பல முட்டைகளை விட்ட சூலகம் அவ்வளவு சீக்கிரம் அடங்காது. அந்த முதல் பருவம் பல மாடுகளில் தள்ளிப்போகும், வந்தாலும் சினை நிற்பது நிச்சயமில்லை. நான் பெரும்பாலும் அதை விட்டுவிட்டு, 96-ம் நாள் வாக்கில் வரும் அடுத்த பருவத்தில்தான் ஊசி போடுவேன். கன்று 379-ம் நாள். இரண்டு வாரம் தாமதம். பதிலுக்கு ஒரு கழுவலில் சராசரியாக ஐந்தாறு நல்ல கருக்கள்; மாற்றியதில் பாதி சினை நின்றால் மூன்று கன்று. ஒன்றுமே தராத மாடும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாம் முறை கழுவ ஆசைப்பட்டால் இன்னும் 50 நாள் காத்திருக்க வேண்டும். ஈற்று இடைவெளி 14 மாதத்தைத் தொடும். பாலை நம்பிக் குடும்பம் நடத்துகிறவருக்கு அது கட்டாது. ஒரு ஈற்றுக்கு ஒரு கழுவல், அதோடு சினைக்கு விடுங்கள் என்பதே என் முடிவு.

உடுமலை வாசகரிடம் அவர் எதிர்பார்த்த பதிலை நான் சொல்லவில்லை. கன்று போட்ட தேதியைத் தொழுவத்துக் காலண்டரில் குறித்திருக்கிறீர்களா என்று கேட்டேன். “மனசுல இருக்குதுங்க” என்றார். அதை எழுதுங்கள், இனி மாடு கத்துகிற ஒவ்வொரு தேதியையும் எழுதுங்கள், 45 நாள் கழிந்தபின் அந்தக் காலண்டரைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள் என்றேன். கரு எடுப்பதற்கான கொடைப்பசு வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் இதேதான்.

(தொடரும்)