எந்தக் காற்றுக்கு எந்த முகமூடி?

1981 டிசம்பர். போபால் யூனியன் கார்பைடு ஆலையில் குழாய்களைப் பராமரித்துக்கொண்டிருந்த ஒரு தொழிலாளியின் மேல் பாஸ்ஜீன் தெறித்தது. முகமூடி அணிந்திருந்தார். ஆனால் பதற்றத்தில் அதைக் கழற்றிவிட்டார். மூன்றே நாளில் மரணம். ஊரையே சூறையாடிய 1984 விஷவாயு இரவுக்கு மூன்றாண்டுகள் முன்பு நடந்தது இது.

முகமூடியை வாங்கிக் கொடுத்துவிட்டால் கடமை முடிந்தது என்றுதான் இன்றும் பல முதலாளிகள் நினைக்கிறார்கள். அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "என்ன விலை?" கேட்க வேண்டியதோ, "காற்றில் என்ன கலந்திருக்கிறது?"

கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு அறிமுகமான என்-95, மிக நுண்ணிய துகள்களிலும் 95 சதவீதத்தையாவது தடுத்துவிடும். ஆனால் தின்னர், பென்சீன் ஆவிக்கு அது திறந்த ஜன்னல். முகத்தில் கட்டிய கைக்குட்டையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆவியைப் பிடிக்க, கரி அடைத்த வடிகுப்பி பொருத்திய முகமூடி வேண்டும். அந்தக் கரியும் சர்வரோக நிவாரணி அல்ல. அமோனியாவுக்கென்றே பக்குவப்படுத்திய கரி தேவை. கார்பன் மோனாக்சைடோ சாதாரணக் கரியில் ஒட்டுவதே இல்லை.

குப்பியின் நிறத்தைப் பார்த்து வாங்கலாமே என்றால், அதிலும் ஒரு கண்ணி. ஐரோப்பிய முறையில் வெள்ளைப் பட்டை தூசுக்கானது. அமெரிக்க முறையில் வெள்ளை அமில வாயுவுக்கு. நம் சந்தையில் இரண்டும் விற்கின்றன. எனவே நிறத்தோடு எழுத்தையும் படித்தாக வேண்டும்.

குப்பிக்கு ஆயுளும் உண்டு. நாற்றம் வந்த பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்பது ஆபத்தான சூதாட்டம்: அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு, அளவு கூடினால் மோப்ப சக்தியையே மழுங்கடித்துவிடும். தாடி வைத்தவருக்கு, முகத்தோடு ஒட்டி நிற்கவேண்டிய ரப்பர் விளிம்பு ஒட்டாது. இடுக்கு வழியே விஷம் நுழையும்.

தொட்டி, சாக்கடைக் குழி என்றால் கணக்கே வேறு. சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் சுமார் 21 சதவீதம். அது 19.5-க்குக் கீழே இறங்கிய இடத்தில் எந்த வடிகட்டியும் உதவாது. வடிகட்டி காற்றைச் சுத்தம் செய்யுமே தவிர, இல்லாத ஆக்சிஜனை உண்டாக்காது. முதுகில் காற்று சிலிண்டர் வேண்டும், அல்லது வெளியிலிருந்து குழாயில் நல்ல காற்று வரவேண்டும்.

வாயு இல்லை என்று தகுதியுள்ளவர் சோதித்துச் சான்று தராதவரை, சுவாசக் கருவியும் இடுப்பில் பெல்ட்டும் கயிறும் இன்றி ஆளை உள்ளே இறக்கக் கூடாது என்று 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 36-வது பிரிவே விதித்திருந்தது. அந்தக் கயிற்றின் மறுமுனை, வெளியே நிற்கும் ஒருவர் கையில் இருக்க வேண்டும் என்பது வரை அதில் எழுதியிருந்தது.